நதிமூலம் காண்போர்



நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது முதுமொழி. பெரியவற்றின் தோற்றுவாய் எளியதாயிருக்கும், அதைக் கண்டால் மதிப்புக் குன்றும் என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள். ஆயினும் நதிமூலம் காண்பதற்கென்றே மக்கள் திரளும் ஓரிடம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உண்டு. மிசிசிப்பி ஆறு புறப்படும் இட்டாஸ்கா ஏரியே அது.

கட்டிலும் அடுப்பும் உள்ளடங்கிய, ‘ஆர்.வி.’ எனப்படும் வீட்டு வண்டிகளில் நாடு சுற்றும் குடும்பங்கள் அங்கே தங்கிச் செல்கின்றன. பைன் மரங்களினூடே நடந்தால் ஏரியின் வடமுனை. நீர் வழியும் வாயின் குறுக்கே கற்கள் வரிசையாய்க் கிடக்கின்றன. பெரியவர் கையைப் பற்றிக்கொண்டு குழந்தையும் அவற்றின்மீது நடந்து மிசிசிப்பியைக் கடந்துவிடும். அருகிலுள்ள மரத்தூண், கடல்மட்டத்திற்கு மேல் 1475 அடி உயரத்தில் புறப்படும் ஆறு 2552 மைல் ஓடி மெக்சிகோ வளைகுடாவை அடைவதாக அறிவிக்கிறது. ஒரு துளி நீர் அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 90 நாள் ஆகும் என்பர்.

இக்காட்சி முழுவதும் இயற்கை தந்ததன்று. சதுப்பாய்க் கிடந்த அவ்வாயைச் சீர்செய்து இன்றைய வடிவிற்குக் கொணர்ந்தவர்கள், 1930களில் வேலையற்ற இளைஞர்களைக்கொண்டு அரசு அமைத்த பணிப்படையினர். ஏரிக்குள்ளும் சிற்றோடைகள் வந்து விழுகின்றன. 1836இல் நிக்கோலே என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். பக்கத்து ஏரியே உண்மையான மூலம் என்று 1881இல் அங்குச் சென்ற கிளேசியர் வாதாடினார். ஆக, மூலம் என்பது காணப்படுவது மட்டுமன்று, மனிதரால் தீர்மானிக்கப்படுவதும் ஆகும்.

அத்தீர்மானத்தில் எவர் பெயர் நிலைக்கிறது என்பதே கேள்வி. 1832 ஜூலையில் மூலத்தைக் கண்டவர் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்று வரலாறு பேசுகிறது. அவரை அழைத்துச் சென்றவர் ஓசாவிண்டிப் என்னும் ஓஜிப்வே பழங்குடித் தலைவர். அம்மக்கள் அவ்வேரியை எல்க் மானின் பெயரால் தம் மொழியில் வழங்கி வந்தனர். அறிந்தவர் வழிகாட்டினார், அறியாது வந்தவர் கண்டுபிடித்தவர் ஆனார். வந்தவர் புதுப்பெயரும் சூட்டினார். உண்மையைக் குறிக்கும் ‘வெரிடாஸ்’, தலையைக் குறிக்கும் ‘காபுட்’ என்னும் இலத்தீன் சொற்களில் முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் நறுக்கி ஒட்டியதே ‘இட்டாஸ்கா’. கேட்பவர் அதைப் பழங்குடிச் சொல்லென்றே எண்ணுவர்.

கவிஞர்கள் கருத வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. ஸ்கூல்கிராஃப்டின் துணைவியார் ஜேன் ஜான்ஸ்டன் ஒரு கவிஞர். ஓஜிப்வே தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்து, இரு மொழிகளிலும் பாடியவர். அவரும் அவர் தாய்வழிச் சுற்றத்தாரும் சொன்ன கதைகள் கணவரின் தொகுப்புகளில் இடம்பெற்றன. அத்தொகுப்புகளிலிருந்து பொருள் எடுத்து லாங்ஃபெல்லோ 1855இல் ஹயவாதா காவியத்தை வெளியிட்டுப் பெரும்புகழ் எய்தினார். ஜேன் 1842இலேயே மறைந்தார். அவருடைய எழுத்துகள் ஒரு முழுநூலாய்த் திரண்டது 2007இல்தான். காவியம் பேராறாய் ஓடியது. ஊற்றுக்கண்ணின் பெயர் ஒன்றரை நூற்றாண்டு கரைக்கு வரவில்லை.

ஆதலின் நதிமூலம் ஆராயலாகாது என்னும் முதுமொழியைக் கவிஞர்கள் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆராய்ந்ததால் மிசிசிப்பியின் பெருமை ஓரங்குலமும் குறையவில்லை. வழிகாட்டியவர் பெயர் வெளிவந்தது. நாற்று நடுவோரின் பாட்டிலிருந்தும் தாலாட்டிலிருந்தும் ஒரு மெட்டையோ உவமையையோ எடுத்தாளும் கவிஞர், பாடியவர் இன்னார், ஊர் இன்னது என்று நூலின் முகப்பில் ஒரு வரி பொறித்தல் கடன். அவ்வரியால் கவிதை சிறுக்காது. பாடியவர் உயிரோடிருக்கும்போதே அது அச்சேறுவது இன்னும் நன்று.