தென்னையிலிருந்து விழுந்தால்

விடியற்காலையில் வடசேரி பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். இரவுப் பணி முடிந்த நர்ஸ் ஒருவராவது டிபன் பையோடு பஸ் ஏறுவார். 1838-லேயே நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கிய குமரி மாவட்டம் நம்முடையது.

நோயாளிகளைத் தூக்கித் திருப்பியே நர்ஸ்கள் பலருக்கு முதுகு போய்விடுகிறது. வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். வார்டை விடலாம். படிப்பை விட வேண்டாம்.

அந்தப் படிப்பு உதவும் மெடிக்கல் கோடிங் என்று ஒரு வேலை. பெயர்தான் பெரிசு. ஒருவர் தென்னையிலிருந்து விழுந்துவிட்டார். டாக்டர் நாலு பக்கம் எழுதுவார். காப்பீட்டுக் கம்பெனிக்குக் குறியீடு வேண்டும்; எழுதியதைக் குறியீடாக்குவதுதான் இந்த வேலை. மரத்திலிருந்து விழுந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் டபிள்யூ 14. தென்னையோ, பனையோ, அயனிப்பலாவோ, எல்லாம் டபிள்யூ 14 தான்! முறிந்த எலும்புக்கு வேறு குறியீடு. எந்த எலும்பு என்று தெரிந்தவருக்குத்தான் அதைப் போட வரும். நர்ஸுக்குத் தெரியும். டாக்டர் கையெழுத்தும் புரியும்.

சென்னையிலும் கோவையிலும் இதற்குக் கம்பெனிகள் உண்டு. பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைக் கணக்குகள். தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். தொடக்கச் சம்பளம் புதியவருக்கான சம்பளம்தான். முதுகு தப்பும், கண்ணுக்கு வேலை கூடும். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

நாலு பேரோடு பேசாமல் இருக்க முடியாதவரா? நர்சிங் பள்ளியில் பாடம் எடுக்கலாம். இல்லையென்றால் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கலாம்.

எங்கே போனாலும் நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். அந்தச் சான்றிதழ் பீரோவிலேயே இருக்கட்டும்.