ரயில் வந்தது, பையன் வந்தானா?



நாட்டுக்கு நல்லது கட்டுப்பாடா, சுதந்திரமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "1975-ல எமர்ஜென்சி வந்துச்சு, ரயிலெல்லாம் கரெக்ட் டைமுக்கு ஓடுச்சு"ன்னார். நீங்களும் தட்டினீங்க பாருங்க ஒரு கைதட்டு! தட்டத்தான் செய்வீங்க. லோக்கல் ரயில் அரை மணி லேட்டானா, கடம்பத்தூர்க்காரனுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. வீட்டுக்காரம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதம் பிளாட்பாரத்துலயே புளிச்சுடும். (சிரிப்பு)

சரி, ரயில் வந்துச்சு. ஒத்துக்கிறேன். அதுல வரவேண்டிய பிள்ளைங்க எல்லாம் வந்தாங்களா? (கைதட்டல்)

கோழிக்கோட்டுல ரீஜனல் இன்ஜினீயரிங் காலேஜ். ராஜன்னு ஒரு மாணவன். நல்லாப் பாடுவான். 1976 மார்ச் 1-ஆம் தேதி போலீஸ் அவனைப் பிடிச்சுக்கிட்டுப் போனது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி காயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கியிருந்தாங்க. இவனும் கூட்டாளியோன்னு சந்தேகம். வெறும் சந்தேகம்தாங்க! கக்கயம்ங்கிற ஊர்ல போலீஸ் முகாம். படுக்கவெச்சு, தொடை மேல கட்டையை உருட்டுவாங்களாம். தாய்மார்கள் மன்னிக்கணும், இதுக்கு மேல நான் சொல்லலை.

அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். போலீஸ் அதிகாரி, மந்திரின்னு ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கினார். கோர்ட்டுக்குப் போகவேண்டியதுதானேன்னு கேட்பீங்க. எங்கே போறது? 1976 ஏப்ரல் 28-ல உச்சநீதிமன்றமே சொல்லிடுச்சு, நெருக்கடி நிலையில ஆட்கொணர்வு மனு போட வழியில்லைன்னு. ஐந்து நீதிபதிகள்ல எச்.ஆர். கன்னா ஒருத்தர்தான் மாறிச் சொன்னார். அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அடுத்தவருக்குப் போச்சு.

நம்ம ஊருக்கே வர்றேன். நடுவர் முறைக்கிறார்... ஐயா, நான் கட்சி பேசலை, கணக்குப் பேசுறேன். 1976 ஜனவரி 31-ல தி.மு.க. ஆட்சியைக் கலைச்சாங்க. மிசாவுல பிடிச்சவங்களைச் சென்னை மத்திய சிறையில அடிச்சாங்க. சென்னைக்கு மேயரா இருந்தவர், எம்.பி., சிட்டிபாபு. 1977 ஜனவரியில இறந்தே போனார். பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் வந்துதான் உள்ளே நடந்தது வெளியே தெரிஞ்சது. மேயருக்கே இந்த கதின்னா, ஹாஸ்டல் பையன் எம்மாத்திரம்?

"தப்புப் பண்ணாதவன் ஏன் பயப்படணும்?"னு எதிரணி அம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. தப்புப் பண்ணலைன்னு எங்கேம்மா போய்ச் சொல்றது? சொல்ற இடத்தையே பூட்டிட்டாங்களே! (நீண்ட கைதட்டல்)

1977 மார்ச்சுல தேர்தல் முடிஞ்சுது, ஆட்சி மாறிச்சு. அந்த மாசமே வாரியர் கேரள உயர்நீதிமன்றத்துல மனு போட்டார். "நாங்க பிடிக்கவே இல்லை"ன்னாங்க. நீதிமன்றம் நம்பலை. கடைசியில காவல்லதான் செத்தான்னு ஒத்துக்கிட்டாங்க. எமர்ஜென்சியில அங்கே உள்துறை மந்திரியா இருந்த கருணாகரன், முதலமைச்சராகி ஏறக்குறைய ஒரு மாசத்துலயே பதவி விலகினார். 1978-ல அரசியல் சட்டத்தையே திருத்தினாங்க, நெருக்கடி நிலை வந்தாலும் உயிர் வாழும் உரிமையில கை வைக்கக்கூடாதுன்னு.

சட்டம் திருந்திச்சு. உடல்? கிடைக்கவே இல்லை. ஈச்சர வாரியர் 2006-ல காலமானார். அதுவரைக்கும் மகனுக்கு ஒரு பிடி மண் போட அவருக்கு இடமில்லை.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன். நடுவர் அவர்களே, எதிரணி சொன்ன ரயில் கணக்கை எழுதிக்கிட்டீங்க. பக்கத்துலயே இந்தத் தகப்பன் கணக்கையும் எழுதிக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க.