ஆணையால் மூடிய கடை

(திருவண்ணாமலையில் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)



மகாவீரர் பிறந்தநாளன்று இறைச்சிக் கடைகளை மூடுமாறு உள்ளாட்சி அமைப்புகள் அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். மதுக்கடைகளுக்கும் அன்று விடுமுறை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய சமணரையும் சேர்த்துத் தமிழகத்தில் நாம் 89,265 பேர்தாம். இச்சிறு தொகையினரின் அறத்தை அரசு மதிக்கிறது என்னும் பெருமிதம் இயல்பானதே. நானும் பல்லாண்டுகள் அதில் திளைத்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன், விழாவுக்கு முதல்நாள், என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவரைக் கடைத்தெருவில் கண்டேன். ஆட்டிறைச்சிக் கடை நடத்துகிறார். "நாளைக்கு உங்கள் பண்டிகை, ஐயா. கடையை மூடச் சொல்லிவிட்டார்கள். வேலையாட்கள் இருவருக்கும் கூலி இல்லை" என்றார். குரலில் சினம் இல்லை. எனக்குத்தான் விடை தோன்றவில்லை. சற்றுப் பொறுத்து, "நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே மூடியிருப்பேன், ஐயா" என்றார்.

சட்டம் நம் பக்கமே. சுவேதாம்பரரின் பர்யூஷண நோன்பு நாள்களில் இறைச்சிக்கூடங்களை மூடிய அகமதாபாத் மாநகராட்சியின் தீர்மானத்தை 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆண்டில் ஒன்பது நாள் மூடுவது தொழில் உரிமையின் மீது விதிக்கத்தக்க நியாயமான கட்டுப்பாடே என்றது.

ஆயினும் 2015ஐ நாம் மறத்தலாகாது. சல்லேகனை தற்கொலைக்கு நிகரான குற்றம் என்று அவ்வாண்டு ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டைக் கண்ட நமக்கு நெஞ்சு பதறியது. எம் நோன்பு எம் உரிமை, அதில் அரசு நுழைதல் தகாது என்றோம். நம் சமயத்தார் பல நகரங்களில் அமைதிப் பேரணி சென்றனர். அம்மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

அன்று நாம் வேண்டிய உரிமையின் ஒரு கூறு அம்மாணவருக்கும் உண்டன்றோ? மாற்றார் நோக்கிலும் உண்மை உண்டு என்பதே நம் அநேகாந்தம்.

"ஆட்டின் உயிர் பெரிதில்லையா?" என்று கேட்பீர்கள். பெரிதே. ஆனால் ஆணையால் மூடிய கடை மறுநாள் திறக்கிறது. இன்று பிழைத்த ஆடு நாளை அறுபடுகிறது. மனம் மாறினாலன்றி அவ்வுயிர் பிழைக்காது. மனத்தை மாற்றும் ஆற்றல் எந்த அறிவிப்புக்கும் இல்லை.

அறிவிப்பை நீக்குமாறு நான் கூறவில்லை. அதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம் என்கிறேன். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன், கடைக்காரர்களை நாமே நேரில் கண்டு கைகூப்பி வேண்டுவோம். கூலி இழக்கும் தொழிலாளர்க்கு அறக்கட்டளை ஈடு செய்யட்டும். நம் அன்னதானப் பந்திக்கு அவர்களைக் குடும்பத்தோடு அழைப்போம்.

என் மாணவரின் கடைக்கு முதலில் நானே செல்கிறேன். உடன் வருவோர் வருக.