அடிமரம் இல்லாத ஆலமரம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆற்றுக்கு அக்கரையில், ஹௌராவைச் சேர்ந்த சிப்பூர் தாவரவியல் பூங்காவிலுள்ள பேராலமரத்தைக் காணாதவர் இம்மன்றத்தில் அரியர். ஊரிலிருந்து வரும் உறவினரைக் காளிகாட்டுக்கு அடுத்தபடி நாம் அங்கேதான் அழைத்துச் செல்கிறோம். வருவோர் முதலில் வினவுவது, "இதில் அடிமரம் எது?" என்பதே. அடிமரமே இல்லை என்றால் நம்ப மறுக்கின்றனர்.

1787-இல் கர்னல் கிட் அப்பூங்காவைத் தோற்றுவிக்கும் முன்பே அம்மரம் அங்கு நின்றது என்பர். 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய புயல்களில் அதன் பெருங்கிளைகள் முறிந்தன. காயத்தின் வழியே காளான் நோய் புகுந்தது. 50 அடிக்கு மேல் சுற்றளவுடைய அடிமரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போயிற்று. நோய் பரவாதிருக்க 1925-இல் அதனை அறுத்து அகற்றினர். தாயை நீக்கிப் பிள்ளைகளைக் காத்த அத்துணிவை எண்ணி வியக்கிறேன். இன்று 3,500-க்கு மேற்பட்ட விழுதுகள் ஏறத்தாழ 4½ ஏக்கர் நிழலைத் தாங்கி நிற்கின்றன. சுற்றிலும் 330 மீட்டர் சாலை அமைத்தனர். மரம் அதனையும் கடந்து சென்றது. நாள் முழுதும் பேரேட்டில் கோடு கிழிக்கும் ரயில்வே எழுத்தனாகிய எனக்கு, கோட்டை மதியாத ஒன்றைக் காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி!

கறையான் அரித்த ஆலை விழுது தாங்குவதுபோல், தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான் என நாலடியார் கூறுவதை அறிவீர்கள். ஆனால் விழுதெல்லாம் தானாகவே ஊன்றிவிடும் என்று எண்ணற்க. நூல்போல் இறங்கும் இளவிழுதை மூங்கிலினுள் செலுத்தி, அது நிலத்தைத் தொடும்வரை தோட்டக்காரர் காத்து நிற்கவேண்டும். இடையில் ஒரு சிறுவன் விளையாட்டாய் இழுத்தால் அவ்விழுது போயிற்று. விழுது போனால், மேலுள்ள கிளைக்கு அடுத்த புயலில் ஊன்றுகோல் இல்லை. 2020 மே 20 அன்று வீசிய அம்பன் புயலில் பேராலம் கிளைகளையும் விழுதுகளையும் இழந்தது. நம் சென்னை அடையாற்று ஆலமரமும் 1989-இல் புயலில் அடிமரம் சாய்ந்து, இன்று விழுதுகளாலேயே வாழ்கிறது.

"வேலி எதற்கு? உள்ளே சென்று நிழலில் அமர்ந்தால் என்ன?" என்று கேட்கும் அன்பர்களுக்கு என் விடை இதுவே. தை மாதத்தில் நம் சங்கத்தார் அங்குச் செல்லவிருக்கின்றனர். சோற்று மூட்டையை வீடு திரும்பியே அவிழ்ப்போம். வேலிக்குள் எக்குழந்தையின் கையும் நீளாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் ஏற்கிறேன். துணைக்கு இருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் என்னைக் காண்க.