செம்பனை கலவாத வெண்ணெய் எங்கே?



பிறையில் ஒரு பேரங்காடிக்குப் போய், பாலும் இல்லாத, செம்பனை எண்ணெயும் இல்லாத வெண்ணெய் ஒரு கட்டி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பால் வேண்டாம் என்றால் பணியாளர் மார்ஜரினை எடுத்துக் காட்டுவார். செம்பனை வேண்டாம் என்றால் பசு வெண்ணெயைக் காட்டுவார். இரண்டுமே வேண்டாம் என்றால் அவர் தலையைச் சொறிவதைத் தவிர வேறு வழியில்லை. தீபாவளிப் பலகாரம் செய்யும் காலத்தில் இந்தக் கேள்வி பல வீடுகளில் இப்போது எழுகிறது. ஆகவேதான் இன்று இதை எடுத்துக்கொண்டோம்.

நம்மவர்களுக்குச் சைவம் புதிதல்ல. ஆனால் நம் சைவத்தில் பாலுக்கும் தயிருக்கும் நெய்க்கும் தாராளமாக இடம் உண்டு. வீகன் என்பது அதையும் விலக்கிய உணவு முறை. நனிசைவம் என்று தமிழில் அழகாகச் சொல்கிறார்கள். கல்லூரிக்குப் போன பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்து, 'அம்மா, இனி நெய் பிஸ்கட் எனக்கு வேண்டாம்' என்கிறது. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் அதே நிலைமைதான். 'அதற்கென்ன, பிளாண்டா இருக்கிறதே!' என்கிறார் பாட்டி. இந்நாட்டில் மார்ஜரின் என்றாலே பிளாண்டாதான், அது ஒரு நிறுவனத்தின் பெயர்ச்சின்னம் என்பதே பலருக்கு நினைவில் இல்லை. அந்த டின்னில் இருப்பது செம்பனை. பிள்ளையோ காட்டை நினைத்து, ஒராங் ஊத்தானை நினைத்து, அதுவும் வேண்டாம் என்கிறது.

செம்பனை வேண்டாம் என்று சொல்வது பிறையில் அவ்வளவு எளிதான பேச்சல்ல. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் செபராங் பிறை வட்டாரத்துக்குத் தமிழர்கள் வந்தது கரும்புத் தோட்டங்களுக்காக. பிறகு தென்னையும் ரப்பரும் வந்தன, அவற்றுக்குப் பின் செம்பனை. மலாயாவில் செம்பனை முதன்முதலாக வாணிபப் பயிராக நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில். இன்று இரண்டாவது பினாங்குப் பாலம் கரையேறும் பத்து காவானும் ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டம்தான். குலை வெட்டியதும், உதிர்ந்த பழம் பொறுக்கியதும் நம் தாத்தா பாட்டிமார். இன்றும் பிறைத் தொழிற்பேட்டையில் உள்ள ஆசிட்கெம் ஆலையில் செம்பனையின் எண்ணெய்களிலிருந்து கொழுப்பு அமிலமும் கிளிசரினும் தயாராகின்றன. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட மரத்தைப் பேரப்பிள்ளை வேண்டாம் என்கிறது. வீட்டுக்குள் மனத்தாங்கல் வராமல் என்ன செய்யும்?

ஆனாலும் பிள்ளை சொல்வதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. காடு அழிந்தது உண்மை. தோட்டங்களில் கட்டாய உழைப்பு நடப்பதாகச் சொல்லி, 2020இல் எப்.ஜி.வி., சைம் டார்பி ஆகிய இரு பெரிய நிறுவனங்களின் செம்பனைப் பொருள்களை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்ததும் உண்மை. சைம் டார்பி மீதான தடை 2023இல் நீங்கியது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டரில் செம்பனை மூன்று நான்கு டன் எண்ணெய் தருகிறது. தென்னை ஒரு டன்னைத் தொடுவதே அரிது. உலகமே நாளைக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினால், அழியப்போகும் காடு இன்னும் அதிகம். மலேசியாவில் 2020 ஜனவரி முதல் எம்.எஸ்.பி.ஓ. என்ற நிலைத்தன்மைச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. எதை ஏற்பது, எதை விலக்குவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் விருப்பப்படி நடக்க, கையில் இருக்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா?

சிக்கல் அங்கேதான். வெளிநாடுகளில் 'செம்பனை எண்ணெய் இல்லை' என்று அட்டையில் பெரிதாகப் போடுகிறார்கள். இங்கே அப்படிப் போட முடியாது. 2022 மார்ச் 15ஆம் தேதி நடப்புக்கு வந்த ஓர் ஆணை, செம்பனை எண்ணெயைத் தாழ்த்தும் அல்லது புறக்கணிக்கத் தூண்டும் வாசகங்களைப் பொருள்களின் மீது பயன்படுத்தத் தடை விதிக்கிறது. 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஆணை இது. மீறும் நிறுவனத்துக்கு இரண்டரை லட்சம் ரிங்கிட் வரை அபராதம். சிறு தோட்டக்காரர்களின் பிழைப்பைக் காக்க வந்த ஆணை என்பது புரிகிறது. ஐரோப்பியர்கள் தங்கள் எண்ணெய்களை விற்கச் செம்பனையைத் தூற்றுகிறார்கள் என்ற கோபத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் 'கெட்டது' என்று சொல்வதும் 'இதில் இல்லை' என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியதில் பயனீட்டாளரின் கையும் சேர்ந்து கட்டுப்பட்டுவிட்டது.

மற்ற நாடுகளில் சண்டை வேறு சொல்லுக்கு. தாவரப் பொருளை வெண்ணெய், பாலாடைக்கட்டி என்றெல்லாம் விற்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஜூனில் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவிலோ மியோக்கோஸ் என்ற நிறுவனம் வழக்காடி, தன் முந்திரிப் பண்டத்தை 'வெண்ணெய்' என்று அழைக்கும் உரிமையை 2021 ஆகஸ்டில் பெற்றது. அங்கே 'வெண்ணெய்' என்ற சொல்லுக்கு வழக்கு. இங்கே 'இல்லை' என்ற சொல்லுக்குத் தடை!

சரி, அட்டையின் முகப்பு பேசாது என்றால் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின்படி, கொழுப்போ எண்ணெயோ சேர்ந்த உணவில் அது எந்தத் தாவரத்திலிருந்து, எந்த விலங்கிலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும். இங்கே மலாய்ச் சொல் தெரிந்திருப்பது உதவும். 'கெலாப்பா' என்றால் தேங்காய். 'கெலாப்பா சாவிட்' என்றால் செம்பனை. அவசரத்தில் முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய்தான் என்று கூடையில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. 'இசிருங் சாவிட்' என்பது செம்பனைக் கொட்டையின் பருப்பு எண்ணெய், அதுவும் செம்பனையே. பிறகு 471 என்ற எண். எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருளின் எண் அது. செம்பனையிலிருந்தும் வரலாம், வேறு எண்ணெயிலிருந்தும் வரலாம், எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. வீகன்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மார்ஜரின் என்றாலே பால் இல்லாதது என்று பொருளல்ல. பால் மாவு, மோர்நீர்த் தூள் சேர்த்த வகைகளும் உண்டு.

செம்பனையை ஏன் இப்படி எல்லா மார்ஜரினிலும் போடுகிறார்கள்? மலிவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அதன் உடல்வாகு. 1869இல் பிரான்சின் மேஜ்-மூரியே மார்ஜரினைக் கண்டுபிடித்தபோது அதற்கு மாட்டுக் கொழுப்பைப் பயன்படுத்தினார். பிறகு தாவர எண்ணெய்க்கு மாறியபோது அது தண்ணீராக ஓடியது. ஹைட்ரஜன் ஏற்றி அதைக் கெட்டியாக்கினார்கள். டால்டா பிறந்தது அப்படித்தான். அந்த முறையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று தெரிந்ததும், உலக சுகாதார நிறுவனம் 2018இல் அதை ஒழிக்க அறைகூவல் விடுத்தது. செம்பனை எண்ணெய்க்கு அந்தச் சிகிச்சையே தேவையில்லை. சுமார் 35 டிகிரியில் உருகுவதால் இயல்பிலேயே பாதி கெட்டி. ஆகவே ஒரு கேடு போன இடத்தில் செம்பனை வந்து உட்கார்ந்தது.

அதற்கு மாற்றாக எல்லாரும் முதலில் நினைப்பது தேங்காய் எண்ணெய். குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகளும் அதைத்தான் சொல்லும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உருகிவிடும். பிறையின் பகல் வெயிலில் மேசையில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் குளம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலோ கல். ரொட்டியில் தடவப் போனால் ரொட்டி கிழியும். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் நிற்க அதற்குத் துணை வேண்டும். 34 டிகிரி வரை தாங்கும் கோக்கோ வெண்ணெய் ஒரு துணை. குளிரிலும் இறுகாத சூரியகாந்தி எண்ணெய் மற்றொரு துணை. கோக்கோ வெண்ணெய் என்பது பெயர்தான், அதில் பால் கிடையாது. கோக்கோ விதையின் கொழுப்பு அது. கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். விலைதான் கையைக் கடிக்கும். 2024இல் நியூயார்க் சந்தையில் கோக்கோ ஒரு டன் 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது.

அளவு இதுதான். மணம் நீக்கிய தேங்காய் எண்ணெய் 90 கிராம், கோக்கோ வெண்ணெய் 30 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 50 கிராம், சீனி சேர்க்காத சோயாப் பால் 40 மில்லி. சோயா லெசித்தின் ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, நிறத்துக்கு மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. சோயாப் பாலில் வினிகரை விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் திரிந்து, இலேசான புளிப்பு வரும். வெண்ணெயின் சுவைக்கு அந்தப் புளிப்பு முக்கியம். கொழுப்புகளை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, லெசித்தினைக் கலந்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். பிறகு பாலையும் உப்பையும் மஞ்சளையும் சேர்த்து அரைப்பானில் ஒரு நிமிடம் ஓட்ட வேண்டும். அதோடு விட்டுவிட்டால் பாழ். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து, கெட்டியாகிற வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மெதுவாகக் குளிர்ந்தால் கொழுப்பு மணல் மணலாக உறையும். விரைவாகக் குளிர்ந்தால்தான் வழுவழுப்பாக வரும். இறுகத் தொடங்கியதும் அச்சில் ஊற்றி உறைபெட்டியில் ஒரு மணி நேரம்.

இதைச் செய்துவிட்டு ஆரோக்கியமானது என்று அள்ளித் தடவ வேண்டாம், நேயர்களே. செம்பனை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய பாதி. தேங்காய் எண்ணெயிலோ பத்தில் எட்டு பங்குக்கும் மேல். காட்டுக்காகச் செம்பனையை விட்டவர் இதயத்துக்காக விட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. நம் இனத்தவரிடையே நீரிழிவு மற்றவர்களைவிட அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டிக்கொண்டிருக்கும் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு இது எதற்கெல்லாம் உதவும்? பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் பசு வெண்ணெயின் அதே எடையில் போடலாம். கொழுப்பும் நீரும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இருக்கின்றன. பிசைந்த மாவை அரை மணி நேரம் குளிரவைத்து வெட்டினால் வடிவம் கலையாது. ரொட்டி சானாய்க்கு ஒத்து வராது. மாவை வீசி விரிக்கும் இடத்தின் வெக்கையில் கொழுப்பு ஒழுகிவிடும். முறுக்கு மாவுக்கு இவ்வளவு பாடே வேண்டாம், சூடாக்கிய தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி போதும். ஆனால் முறுக்கைப் பொரிக்கும் எண்ணெய் எது? அரசின் உதவித்தொகையோடு 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கப்படும் அந்த ஒரு கிலோ பொட்டலம் செம்பனை எண்ணெய்தான். மாவில் ஒரு கரண்டியை மாற்றிவிட்டு வாணலியில் இரண்டு கிலோவை ஊற்றுகிற வீடுகளும் இருக்கின்றன. பிள்ளை கேட்டால் பாட்டி என்ன பதில் சொல்வார் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

செய்த வெண்ணெயை மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்து, வேண்டும்போது மட்டும் எடுக்க வேண்டும். சோயாப் பால் சேர்ந்தது என்பதால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் சிறு கட்டிகளாக வெட்டி உறைபெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.