டேப்லெட் கையில் வந்தால், கணக்கு யார் கையில்?

(நம் கூட்டமைப்பின் உறுப்பினர் பயிற்சிக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



இன்னைக்கு நாம் பேசப்போற பொருள் டேப்லெட். பெயரைச் சொன்னதுமே பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா, "தலைவலி மாத்திரையா?" என்று கேட்டாங்க. மாத்திரை இல்லை. ஆனா இது தலைவலியைத் தீர்க்குமா, தலைவலியைத் தருமா என்பது நம்ம கையில்தான் இருக்கு.

டேப்லெட் என்பது நாம் சின்ன வயசில் எழுதின சிலேட்டு மாதிரி ஒரு கருவி. சுருக்கமா டேப் என்கிறோம். செல்போனைவிடப் பெரிசு, கம்ப்யூட்டரைவிடச் சிறிசு. கண்ணாடித் திரையை விரலால் தொட்டால் வேலை செய்யும். இன்டர்நெட், படம் எடுக்கும் கேமரா, கணக்குப் போடும் செயலி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

இதை ஏன் குழுக் கூட்டத்தில் பேச வேண்டும்? 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டின் முதல் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அன்றிலிருந்து நமக்குப் பலம் நம்முடைய நோட்டுகள்தான். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தனிநபர் பாஸ்புக். இந்தக் கணக்குகள் இப்போது நோட்டில் இருந்து திரைக்குப் போகின்றன. நபார்டு வங்கி 2015 மார்ச்சில் 'இ-சக்தி' என்ற திட்டத்தை ஜார்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே ஆகிய 2 மாவட்டங்களில் தொடங்கி, பின்பு பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. அடுத்து தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் 'லோக்ஓஎஸ்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. குழுவின் சேமிப்பும் கடனும் அதில் ஏறினால் வங்கியும் அதிகாரிகளும் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா, குழுவில் இருக்கும் நாம் பார்க்கிறோமா? இதுதான் இன்றைய கேள்வி.

நமக்காகவே செய்த முதல் கருவி

இந்தக் கருவி இன்று நேற்று வந்தது என்று நினைக்க வேண்டாம். கிராமத்து ஜனங்களை மனசில் வைத்தே நம் பக்கத்து மாநிலமான கர்நாடகாவில் ஒன்றைச் செய்தாங்க. அதன் பெயர் சிம்ப்யூட்டர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய 4 பேரும், என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கினாங்க. 2001 ஏப்ரலில் அதன் மாதிரியை வெளியிட்டாங்க. எளிமையானது, விலை குறைந்தது, பல மொழி தெரிந்தது, மக்களுக்கானது என்று அதற்கு அர்த்தம்.

உள்ளங்கையில் அடங்கும் கருவி. கறுப்பு வெள்ளைத் திரை. சின்னக் குச்சியால் தொட்டு வேலை செய்யணும். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்காகத் திரையில் உள்ளதை இந்திய மொழியில் வாசித்துக் காட்டும்.

இவை எல்லாவற்றையும் விட, குழுவுக்கு ஏற்ற சிறப்பு ஒன்று அதில் இருந்தது. அது கார்டு போடும் துவாரம். ஒரு கருவியை ஊரே பொதுவாக வைத்துக்கொள்ளும், ஆளுக்கு ஒரு கார்டு இருக்கும். நம்ம கார்டைச் சொருகினால் நம்ம கணக்கு வரும். எடுத்துவிட்டால் அடுத்தவளின் கருவி. குழு வாங்கின வாடகைப் பாத்திரம் எல்லாருக்கும் பொது, அதில் பொங்கும் சோறு அவரவர் வீட்டுது, அல்லவா? அதே யோசனைதான்.

ஆனால் கருவி ஊருக்குள் பரவவில்லை. சுமார் 9,000 ரூபாய்க்குக் கொடுக்கணும் என்று நினைத்தாங்க. 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் கடைக்கு வந்தபோது, குறைந்த மாடலே 9,950 ரூபாய். அந்தக் காலத்தில் ஒரு குழுவுக்கு அது பெரிய தொகை. அதற்குள் செல்போன் விலை இறங்கி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. சிம்ப்யூட்டர் சில ஆயிரம்தான் விற்றது. கருவி மறைந்தாலும் 'கருவி பொது, கணக்கு அவளது' என்ற யோசனையை நாம் விடக்கூடாது.

விலை மட்டும் பார்த்தால் போதுமா?

அடுத்து வந்தது ஆகாஷ். 2011 அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டார். மாணவர்களுக்கு மலிவு விலையில் டேப் என்று நாடே பேசியது. 7 அங்குலத் திரை. விலை குறைவுதான். ஆனால் திரையை நகத்தால் அழுத்தினால்தான் வேலை செய்யும், வேகம் போதாது, பேட்டரி சீக்கிரம் தீரும் என்று குறைகள் வந்தன. 2012 நவம்பரில் அடுத்த மாடலை வெளியிட்டு, விரல் பட்டாலே வேலை செய்யும் திரையும் கூடுதல் வேகமும் கொடுத்தாங்க. சும்மா மலிவு என்று வாங்கினால் பெட்டிக்குள்தான் கிடக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஆகவே குழுவோ கூட்டமைப்போ டேப் வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

1. திரை: 12 பேர் வட்டமாக உட்கார்ந்து பார்க்க 8 முதல் 10 அங்குலம் வேணும். வெயிலில் கொண்டுபோய் எழுத்து தெரியுதா என்று கடையிலேயே பாருங்கள்.

2. நினைவகம்: கடைக்காரர் இரண்டு எண் சொல்வார். பெரிய எண் பத்தாயம் மாதிரி, எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்பது. சின்ன எண், அதாவது 'ரேம்', களம் மாதிரி. பத்தாயம் எவ்வளவு பெரிசா இருந்தாலும் களம் சிறிசா இருந்தால் கதிரடிப்பு நடக்காது. செயலி நின்று நின்று போகும்.

3. சிம்: சில டேப்களில் சிம் போட இடமே இருக்காது. வைஃபை மட்டும்தான். விலை குறைவாக இருக்கும். கீரிப்பாறைப் பக்கமோ பேச்சிப்பாறைப் பக்கமோ கூட்டத்துக்குக் கொண்டுபோனால் வைஃபைக்கு எங்கே போவது? செல்போனில் இருந்து இணைப்புக் கொடுக்கலாம், ஆனா தினமும் நடக்குமா? சிம் போடும் டேப் நல்லது.

4. பேட்டரி: மில்லி ஆம்பியர் என்று அட்டையில் போட்டிருக்கும். முதல் ஆகாஷில் 2,100 இருந்தது. இன்றைக்கு 5,000-க்கு மேல் உள்ளதாக வாங்குங்கள்.

5. தமிழ்: தமிழில் தட்டச்சு, பேசினால் எழுதும் வசதி, வாசித்துக் காட்டும் வசதி ஆகிய மூன்றையும் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

6. தனித்தனிப் பயனர்: ஒரே டேப்பில் ஒன்றுக்கு மேற்பட்டவர் தனித்தனி ரகசிய எண்ணோடு நுழையும் வசதி பல ஆண்ட்ராய்டு டேப்களில் உண்டு. சிம்ப்யூட்டரின் கார்டு செய்த வேலையில் பாதியை இது செய்யும். ஊக்குநர் வீட்டுப் பிள்ளை விளையாடினாலும் குழுக் கணக்குக்குள் போகாது.

7. பில், வாரண்டி: கூட்டமைப்பின் பெயரில் பில். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பழுது பார்க்கும் இடம் இருக்கா என்று கேளுங்கள்.

நம்ம விரலும் நம்ம மழையும்

நம்ம மாவட்டத்துக்கென்று இரண்டு விஷயம் இருக்கு. முதலாவது நம்ம விரல். அண்டி ஆபீஸில் கொட்டை உடைக்கும் சகோதரிகளின் கையைப் பாருங்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து, ரேகையே தெரியாமல் போயிருக்கும். ரப்பர் பால் எடுப்பவர், கயிறு திரிப்பவர், மீன் விற்பவர் கையும் அப்படித்தான். ரேகை வைத்துத் திறக்கும் பூட்டு நமக்குச் சில நேரம் திறக்காது. ஈர விரலைத் திரையும் சரியாக உணராது. இது அந்தச் சகோதரியின் தப்பு இல்லை. "உனக்குச் சரியா வைக்கத் தெரியல" என்று யாரும் சொல்ல வேண்டாம். கையைத் துடைத்துவிட்டு வையுங்கள். ரேகை விழாவிட்டால் எண் பூட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆதாருக்குக் கருவிழி, ஓ.டி.பி. போன்ற மாற்று வழிகள் உண்டு என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது மழையும் காற்றும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்ததை யார் மறப்பார்கள்? ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை, செல்போன் டவரும் இல்லை. அந்த நேரத்தில் குழுக் கணக்கு திரையில் மட்டும் இருந்திருந்தால்? அவசரக் கடன் கேட்ட சகோதரிக்கு, கையிருப்பு எவ்வளவு என்றுகூடச் சொல்ல முடிந்திருக்காது. எனவே டேப் வந்துவிட்டது என்று நோட்டைக் கட்டிப் பரணில் போடாதீர்கள்.

250-ம் 2,500-ம்

சரி, நல்ல டேப் வாங்கியாச்சு. அது கணக்குப் போட்டால் தப்பே வராதா? கூட்டல், வட்டி எல்லாம் சரியாகப் போடும். ஆனா நாம் தப்பாகக் கொடுத்தால் தப்பாகத்தான் காட்டும்.

விளவங்கோடு பக்கம் ஒரு குழுவில் நடந்தது. ஒரு சகோதரி கடன் தவணை 2,500 ரூபாய் கட்டினாங்க. பாஸ்புக்கில் சரியாக எழுதியிருந்தது. டேப்பில் ஏற்றும்போது ஒரு சைபர் விட்டுப்போய் 250 என்று விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஊக்குநர் டேப்பை வட்டமாகச் சுற்றிக் காட்டச் சொல்லியிருந்தோம். பள்ளிக்கூடமே போகாத அந்தச் சகோதரி திரையைப் பார்த்து, "மோளே, எனக்க சைபர் ஒண்ணு எங்க போச்சு?" என்று கேட்டாங்க. எழுத்து தெரியாது, ஆனா தன் பணத்தில் எத்தனை சைபர் என்பது தெரியும். அங்கேயே திருத்தினார்கள். சுற்றிக் காட்டாமல் இருந்திருந்தால் 2,250 ரூபாய் பாக்கி என்று அவர் பெயரில் நின்றிருக்கும். அதற்கு வட்டியும் ஏறியிருக்கும். தவணை தவறியவர் என்ற பெயரும் வந்திருக்கும். அடுத்த கடனுக்கு அவர் கை நீட்ட முடியுமா?

பல குழுக்களில் நாம் கேட்பது வேறு. "எனக்கு இதொண்ணும் தெரியாது மக்களே, நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று வயசான அம்மாக்கள் சொல்றாங்க. ஊக்குநர் மேல் நம்பிக்கை வைப்பது நல்லது. ஆனால் கணக்கைப் பார்ப்பது சந்தேகம் ஆகாது. பார்த்த கணக்கு ஊக்குநருக்கும் பாதுகாப்பு. நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், "எல்லாரும் பார்த்தீங்களே" என்று அவர் நிமிர்ந்து சொல்லலாம்.

ஒவ்வொரு குழுவும் போட வேண்டிய தீர்மானம்

இந்த மாதக் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்:

1. கணக்கைக் கூட்டத்தில், எல்லாரும் இருக்கும்போதே டேப்பில் ஏற்ற வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஏற்றக்கூடாது.

2. ஏற்றிய பின் ஒவ்வொருவர் பெயரையும் சேமிப்பையும் கடன் பாக்கியையும் சத்தமாக வாசிக்க வேண்டும். அவரவர் பாஸ்புக்கோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

3. ரொக்கப் புத்தகமும் பாஸ்புக்கும் தொடர்ந்து எழுதப்பட வேண்டும்.

4. ரகசிய எண் ஊக்குநருக்கும் பிரதிநிதி ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பு மாறினால் அன்றைக்கே எண்ணையும் மாற்ற வேண்டும்.

5. ரீசார்ஜ் செலவு குழுவின் செலவு. ஊக்குநர் தன் கைக்காசைப் போட வேண்டாம்.

6. ஓ.டி.பி. எண்ணை வங்கியில் இருந்து என்று சொன்னாலும் யாருக்கும் சொல்லக்கூடாது. உடனடிக் கடன் தருகிறோம் என்று வரும் செயலிகளைக் குழு டேப்பில் ஏற்றக்கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

சகோதரிகளே, உதாரணத்துக்கு 12 பேர் மாதம் 200 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 28,800 ரூபாய். 10 வருஷத்தில் வட்டி சேர்க்காமலே 2,88,000 ரூபாய். அது அண்டி உடைத்தும், பூ கட்டியும், மீன்கூடை சுமந்தும் சேர்த்த காசு. அந்தக் காசின் கணக்கு நோட்டில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் அதைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

அடுத்த கூட்டத்தில் டேப் உங்கள் முன்னால் வரும்போது கூச்சப்படாமல் கையில் வாங்குங்கள். உங்கள் பெயரைத் தேடுங்கள். சைபரை எண்ணுங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். சொல்லித்தர நாங்கள் வருகிறோம்.