நாற்காலிக்கு ஆளைத் தெரியாது

நடுவர் அவர்களே! பெருமை தருவது பதவியா, பண்பா என்பது தலைப்பு. எதிரணித் தம்பி சொன்னார், பதவி இருந்தால்தான் வீட்டிலேயே காபி சூடா வருமாம். (சிரிப்பு) தம்பி, ரிட்டயர் ஆன மறுநாள் அந்தக் காபி என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? (கைதட்டல்)

அமெரிக்காவிலே நடந்தது. ஆர்ச்சிபால்ட் காக்ஸ் என்று ஒருவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். 1961-லே ஜனாதிபதி கென்னடி அவரை சொலிசிட்டர் ஜெனரல் ஆக்கினார். உச்ச நீதிமன்றத்தில் அரசாங்கத்துக்காக வாதாடும் பெரிய வக்கீல் பதவி. 1965-லே அதை விட்டுவிட்டு மறுபடியும் சாக்பீஸ் பிடித்தார்.

1973-லே வாட்டர்கேட் விவகாரம். ஜனாதிபதி நிக்சனின் ஆட்கள் மீதே விசாரணை. நேர்மையான வக்கீல் வேணுமே! அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட்சன் யாரைப் பிடித்தார் தெரியுமா? தன் பழைய வாத்தியார் காக்ஸை!

நிக்சன் தன் அறையிலே பேசியதெல்லாம் ஒலிநாடாவில் இருந்தது. காக்ஸ் அதைக் கேட்டார். நீதிமன்றமும் கொடுக்கச் சொன்னது. நிக்சனோ சுருக்கம் தருகிறேன் என்றார். பாடப் புத்தகம் கேட்கிற வாத்தியாரிடம் நோட்ஸை நீட்டினால் விடுவாரா? (சிரிப்பு)

அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு. காக்ஸை நீக்கச் சொல்லி ரிச்சர்ட்சனுக்கு உத்தரவு. தக்க காரணமின்றி நீக்கமாட்டேன் என்று செனட் சபைக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். பதவியை ராஜினாமா செய்தார், வாக்கைக் காப்பாற்றினார். அவருக்கு அடுத்தவரும் மறுத்தார்; அவர் பதவியும் போச்சு. மூன்றாவதாக, சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் கையெழுத்துப் போட்டார்.

கவனியுங்கள்! அது காக்ஸ் ஒருகாலத்தில் உட்கார்ந்த அதே நாற்காலி. நாற்காலிக்கு ஆளைத் தெரியாதுங்க! (பலத்த கைதட்டல்)

காக்ஸ் வகுப்பறைக்குத் திரும்பினார். ஆனால் வழக்கு நிற்கவில்லை. 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் ஒரே குரலில் நாடாக்களைக் கொடுக்கச் சொன்னார்கள். ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார்.

நானும் வாத்தியார்தாங்க. எனக்குள்ளே ஒரே கேள்வி. என்னிடம் படித்த பிள்ளை நாளைக்குப் பெரிய இடத்திலே இருப்பான். அநியாயத்துக்குக் கையெழுத்துக் கேட்டு ஒருவர் காகிதத்தை நீட்டுவார். அப்போ அவன் பேனா நிற்குமா, ஓடுமா? அது நின்றால், நான் வாங்கிய டாக்டர் பட்டத்தைவிட அதுதான் பெரிய பட்டம்!

மணி அடிச்சிட்டீங்க. பதவியை ஒரே ராத்திரியில் பறிக்கலாம். பண்பைப் பறிக்க ஜனாதிபதியாலும் ஆகாது. ஆகவே பெருமை தருவது பண்பே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.